கரிமணல், சரல்மண், கழிமுகச் சேறு: மண் வேதியியல் கேள்வி–பதில்

மண்ணில் எந்தத் தனிமம் எங்கே எவ்வளவு இருக்கிறது என்று ஊர் ஊராக மண் எடுத்து, அளந்து, படமாக வரைவதுதான் புவிவேதி வரைபடம். அதைப் பற்றியும், அதற்கு அடுத்த வீடான மண் பரிசோதனை பற்றியும் குமரி மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. துறையில் இருப்பவர்களின் பதில்களோடு தருகிறோம்.

மண்டைக்காட்டிலிருந்து ஒரு வாசகி: வீட்டுப் பின்புற மண்ணை என் மகன் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தான். தோரியம் 80 பிபிஎம் (பத்து லட்சத்தில் 80 பங்கு) என்று வந்திருக்கிறது. டைட்டானியம், ஸிர்கோனியம் எல்லாம் எக்கச்சக்கம். யாராவது கழிவு கொண்டுவந்து கொட்டியிருப்பார்களோ? பயப்பட வேண்டுமா?

கொட்டியது மழையும் ஆறும் கடலும்தான். நம் மலைகளில் பெரும்பங்கு சார்னோகைட், கொண்டலைட், கார்னெட் கலந்த நைஸ் பாறைகள். அவை இற்று உதிர்ந்ததை ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோகின்றன. கடல் அதை முறத்தில் போட்டுப் புடைப்பதுபோலப் புடைக்கிறது. வெள்ளை மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. டைட்டானியம் உள்ள இல்மனைட், ஸிர்கோனியம் உள்ள ஸிர்கான் இரண்டும் நாலரையைத் தாண்டும். தோரியம் உள்ள மோனசைட் ஐந்துக்கும் மேல். அலை லேசானதை இழுத்துக்கொண்டு கனமானதைக் கரையில் விட்டுப்போகிறது. கரையில் கறுப்புப் பட்டையாகத் தெரிவது அதுதான். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் நம் கரை மோனசைட்டை அடையாளம் கண்டதும், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான். மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை வந்தது அதன் பிறகு.

உங்கள் 80 பிபிஎம் எங்கிருந்து வரும் என்று கணக்குப் போடலாம். மோனசைட்டில் தோரியம் ஏறத்தாழ 8 சதவீதம். ஒரு கிலோ மண்ணில் ஒரே ஒரு கிராம் மோனசைட் இருந்தால் போதும், 80 மில்லிகிராம் தோரியம், அதாவது 80 பிபிஎம் வந்துவிடும். பூமியின் மேலோட்டுச் சராசரி 10 பிபிஎம் அளவு. எட்டு மடங்கு என்று கேட்டால் திடுக்கிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு மோனசைட் மணல் என்று சொன்னால் மண்டைக்காட்டில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கூடவே டைட்டானியமும் ஸிர்கோனியமும் ஏறியிருப்பது இன்னொரு சாட்சி. இல்மனைட்டும் ஸிர்கானும் மோனசைட்டோடு சேர்ந்தே ஒதுங்குபவை. ஈயம், துத்தநாகம், காட்மியம் தனியாக ஏறியிருந்தால்தான் ஆள் கைவரிசையோ என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது தோரியத்தின் கதிர்வீச்சு. இதே வகை மணல் இருக்கும் கேரளத்தின் கருநாகப்பள்ளியில் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு 2009-இல் வெளியானது. தரையிலிருந்து வரும் காமாக் கதிரால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. அதற்காகக் கரிமணலை வீட்டுக்குள் அழைக்க வேண்டாம். தரை நிரப்பவோ, பூச்சு வேலைக்கோ, பிள்ளைகள் விளையாடும் மணல்குவியலுக்கோ அதை எடுக்காதீர்கள். தோரியத்திலிருந்து வரும் தோரான் வாயுவுக்கு அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. விரிசல் இல்லாத சிமெண்ட் தரையும் திறந்த ஜன்னலும் இருந்தால் அது அறைக்குள் தங்காது. மோனசைட் எளிதில் கரையாது என்பதால் வாழைக்கும் தென்னைக்கும் அதிலிருந்து போகிற தோரியம் மிகக் குறைவு.

மகனிடம் ஒன்று கேளுங்கள்: அளந்தது எக்ஸ்ரே முறையிலா, கடும் அமிலக் கலவையான ராஜதிராவகத்தில் கரைத்தா? ஸிர்கானும் மோனசைட்டும் ராஜதிராவகத்துக்குப் பெரும்பாலும் அசையாதவை. அதே மண்ணை அந்த முறையில் அளந்தால் தோரியம் பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். மண் மாறவில்லை, கேட்ட கேள்வி மாறியிருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து முதுகலை மாணவர் ஒருவர்: எங்கள் மாவட்டத்துக்கு மண் வேதியியல் வரைபடம் போட ஆசை. எத்தனை மாதிரி வேண்டும்? எடுக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,670 சதுர கிலோமீட்டர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை நாடு முழுவதும் போடும் படத்துக்கு 2 கி.மீ.க்கு 2 கி.மீ. கட்டம் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் நமக்கு 420 கட்டம் வரும். அவர்கள் பெரும்பாலும் எடுப்பது ஓடை வண்டல், நீங்கள் எடுக்கப்போவது மண். ஐரோப்பாவில் 33 நாடுகள் சேர்ந்து போட்ட விவசாய மண் வரைபடத்துக்கு 2,500 சதுர கிலோமீட்டருக்கு ஓர் இடம். அமெரிக்காவில் 1,600-க்கு ஒன்று. அந்த அளவில் குமரி மாவட்டம் முழுவதும் ஒரு புள்ளிதான், சிலசமயம் அதுவும் இல்லை. கண்டம் முழுக்கப் பார்க்கிறவர்களுக்கு அது போதும். ஆனால் 30 கிலோமீட்டருக்குள் மலை, சரல் விளை (சரளைமண் தோட்டம்), வயல், உப்பளம், கரிமணல் என்று ஐந்து உலகம் மாறும் நம் ஊருக்குப் போதாது. கையில் பணமும் ஆளும் குறைவென்றால் 5 கி.மீ. கட்டம் வைத்து 67 இடத்தோடு தொடங்குங்கள். அதுவும் முடியாதென்றால் மாவட்டத்தை விட்டுவிட்டு ஒரு தாலுகாவைச் செறிவாகச் செய்யுங்கள். அகலமாகச் செய்து அரைகுறையாக விடுவதைவிட அது மேல்.

கட்டத்தின் நடுப்புள்ளி குளத்திலோ தார்ச்சாலையிலோ விழும். அப்போது எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளலாம் என்ற விதியைப் புறப்படுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் நின்றுகொண்டு "இந்த இடம் நல்லாருக்கு" என்று எடுத்தால், பைக் நிறுத்த வசதியான இடங்களின் வரைபடம்தான் கிடைக்கும். சாலையிலிருந்து குறைந்தது நூறு மீட்டர் விலகுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியோடு நாட்டில் நின்றுவிட்டாலும், அதற்கு முன் படிந்த ஈயம் சாலையோர மண்ணை விட்டு எங்கும் போய்விடவில்லை. டயர் தேய்மானத்தின் துத்தநாகம் இன்றும் சேர்கிறது. வரப்பு, மரத்தடி, உரக்குவியல், வாய்க்கால் கரை, சுடுகாடு, செங்கல் சூளைப் பக்கம் எல்லாவற்றையும் தவிருங்கள்.

புள்ளிக்குப் போனதும் 10 மீட்டர் சதுரம் ஒன்றை மனதில் வரைந்து, நாலு மூலையிலும் நடுவிலும் ஆக ஐந்து குழி. சருகை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவத்தில் வெட்டி, ஒரு பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே தடிமனில் ஒரு சீவல். மேல்மண் அதிகமாகவும் அடிமண் குறைவாகவும் சரிந்து விழுவதுதான் இங்கே நடக்கும் வழக்கமான பிழை. ஐந்தையும் கலந்து இரண்டு கிலோ. முடிந்தால் பத்தில் ஓர் இடத்தில் 50 முதல் 75 செ.மீ. ஆழத்து மண்ணையும் தனியாக எடுங்கள். மேலே கூடுதல், கீழே குறைவு என்றால் அது பிற்காலத்தில் வந்து சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் பாறை தந்தது.

கெடுப்பவை சின்னச் சின்ன சாமான்கள்தான். பெயிண்ட் அடித்த மண்வெட்டியில் குரோமியமும் ஈயமும், துத்தநாகப் பூச்சு வாளியில் துத்தநாகம், பித்தளைச் சல்லடையில் செம்பும் துத்தநாகமும் இருக்கும். ரப்பர் கையுறையிலும் துத்தநாக ஆக்சைடு உண்டு. தங்க மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். பழைய உரச்சாக்கில் மண்ணைக் கட்டினால் அந்த மாதிரியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். துருப்பிடிக்காத எஃகுக் கரண்டி, புதிய பாலித்தீன் பை, நைலான் சல்லடை போதும். பைக்குள் பென்சிலால் எழுதிய ஒரு சீட்டு, வெளியே மார்க்கரில் அதே எண். ஈர மண்ணில் பேனா மை ஓடிவிடும்.

கைபேசியில் இடக்குறிப்பு எடுத்தால் ஐந்து மீட்டர் முன்னே பின்னே இருக்கும், அது பரவாயில்லை. அட்சம் 8-இல் தொடங்கும், தீர்க்கம் 77-இல் தொடங்கும். இரண்டையும் மாற்றி எழுதியவரின் கல்குளம் வடதுருவத்துக்குப் பக்கத்துக் கடலில் போய் மிதக்கும். அது படத்தைப் பார்த்ததும் தெரிந்துவிடும். தசம இலக்கம் ஒன்று தவறிப்போனதுதான் தெரியாது. அதனால் இடத்திலேயே ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள்.

எடுத்த வரிசையிலேயே மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பாதீர்கள். கருவியின் அளவு மணிக்கணக்கில் மெல்ல நகரும். தோவாளையில் தொடங்கி விளவங்கோட்டில் முடியும் வரிசையில் அளந்தால், கருவியின் நகர்வு கிழக்கிலிருந்து மேற்காகக் கூடும் ஓர் அழகான சரிவாகப் படத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எண்களைச் சீட்டுக் குலுக்கிப் புதிதாகக் கொடுங்கள். இருபது மாதிரிக்கு ஒரு முறை நாலு கண்காணிகளையும் நுழையுங்கள்: அதே இடத்தில் மறுபடி எடுத்த மண், ஒரே பையைப் பிரித்த இன்னொரு பாதி, அளவு தெரிந்த தரமாதிரி, வெறும் குவார்ட்ஸ் பொடி. ஆய்வகத்துக்கு எது எதுவென்று சொல்லக்கூடாது. இதற்கு ஆகும் இருபது சதவீதக் கூடுதல் செலவை மிச்சம் பிடிக்க நினைக்கும் வழிகாட்டிகள் உண்டு. அங்கே மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடற்கரைப் பக்கத்து மாதிரிகளுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. கரைப்பதற்குக் கால் கிராம்தான் எடுப்பார்கள். மண்ணில் மோனசைட் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால், 0.15 மி.மீ. பருமனுள்ள மணி அந்தக் கால் கிராமில் மூன்றே மூன்று விழும். ஒருமுறை ஒன்று, மறுமுறை ஐந்து. தோரியமும் சீரியமும் ஏறி இறங்குவதைப் பார்த்து ஆய்வகத்தோடு சண்டைக்குப் போவீர்கள். 2 மி.மீ. சல்லடையில் விழுந்த மண்ணில் நூறு கிராமையாவது முகப் பவுடர்போல் அரைத்து, அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். அகேட் உரல் நல்லது. எஃகு உரல் இரும்பையும் குரோமியத்தையும் சேர்க்கும், டங்ஸ்டன் கார்பைடு உரல் கோபால்ட்டைச் சேர்க்கும்.

குலசேகரத்திலிருந்து ரப்பர் விவசாயி: மண்ணில் தாமிரம் கூடுதல், பி.எச். 4.8 என்கிறார்கள். சுண்ணாம்பு போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா?

ரப்பர் நிற்கும் வரை அவசரப்பட வேண்டாம். அதற்குப் புளிப்பு மண் பிடிக்கும், 4.8 அதன் வீட்டுச் சாப்பாடு. மரம் வெட்டி ஏத்தன் வாழை வைக்கப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. பி.எச். 5.5-க்குக் கீழே அலுமினியம் கரைந்து வேரைத் தின்னும். இட்ட மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்ளும். மரச்சீனி (மரவள்ளி) இதைப் பொறுக்கும், வாழை பொறுக்காது.

தாமிரம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்கே தெரியும். இலையுதிர் நோய்க்கு மழைக்கு முன்னால் அடித்த போர்டோ கலவைதான். நூறு லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. மயில்துத்தத்தில் கால்பங்கு தாமிரம். எடுத்துக்காட்டாக ஒரு ஹெக்டேருக்கு வருஷம் 20 கிலோ அடித்தால் 5 கிலோ தாமிரம் இறங்குகிறது. 15 செ.மீ. மண்ணின் எடை ஹெக்டேருக்கு ஏறத்தாழ 20 லட்சம் கிலோ. ஆக வருஷத்துக்கு 2.5 பிபிஎம். முப்பது வருஷத்தில் 75. தாமிரம் மட்கில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்காது, அதனால் இந்தக் கணக்கு நிஜத்துக்கு ஓரளவு பக்கத்திலேயே வரும். ரப்பர் பாலில் தாமிரம் கலந்தால் ஷீட் சீக்கிரம் பிசுபிசுத்துப் போகும் என்பதால், தெளித்த கையைக் கழுவாமல் பால்வெட்டும் பாத்திரங்களைத் தொடாதீர்கள்.

அறிக்கையில் "தாமிரம்" என்பதற்குப் பக்கத்தில் டிடிபிஏ என்று இருக்கிறதா, மொத்தம் என்று இருக்கிறதா, பாருங்கள். முதலாவது பயிர் எடுக்கக்கூடியதைக் காட்டும், பெரும்பாலும் ஒற்றை இலக்கத்திலோ பத்து இருபதிலோ நிற்கும். இரண்டாவது எல்லாவற்றையும் கரைத்து அளந்தது. ஒன்றை மற்றதன் அளவுகோலோடு ஒப்பிட்டுப் பயப்படுபவர்கள் நிறைய. மணிச்சத்துக்கும் இதே பொறி உண்டு. ஓல்சன் முறை நடுநிலை, கார மண்ணுக்கானது. உங்கள் சரல்மண்ணுக்குப் பிரே முறையில் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்பு எவ்வளவு என்பதை பி.எச்.சை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரே 4.8 உள்ள மணற்சாரிக்கும் களிக்கும் தேவை மும்மடங்கு வித்தியாசப்படலாம். சுண்ணாம்புத் தேவை என்று தனியே ஒரு பரிசோதனை இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று, சரல் விளைகளில் சல்லடையில் நிற்கும் கல்லை எடை போடாமல் கொட்டிவிடுகிறார்கள். பாதி எடை சரலாக இருந்தால், ஏக்கருக்கு இவ்வளவு சத்து என்று அறிக்கை சொல்வது நிஜத்தில் பாதிதான்.

தோவாளையிலிருந்து பூ விவசாயி: ஒரே வயல் மண். ஓர் ஆய்வகம் பி.எச். 7.1 என்றது, இன்னொன்று 6.4 என்றது. யாரை நம்புவது?

இருவரும் சரியாக இருக்கலாம். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் ஊற்றி அளப்பது இங்கே வழக்கம். சிலர் கால்சியம் குளோரைடு கரைசலில் அளப்பார்கள், அது அரை முதல் ஒரு புள்ளி வரை இறங்கிக் காட்டும். தண்ணீர் விகிதம் மாறினாலும் மாறும். மழை விட்ட வாரம் எடுத்ததற்கும் வெயில் காலத்தில் உப்பு மேலேறியபின் எடுத்ததற்கும் வித்தியாசம் உண்டு.

அடுத்த தடவை இப்படிச் செய்யுங்கள். ஒரு வாளி மண்ணை நிழலில் காயவைத்து, கட்டி உடைத்து, நன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி நாலாகப் பிரித்து, எதிரெதிர்க் கால்களை எடுத்து மறுபடி கலந்து, அரைக் கிலோ அரைக் கிலோவாக இரண்டு பை. ஒரே ஆய்வகத்துக்கு வெவ்வேறு பெயரில் அனுப்புங்கள். பி.எச். 0.2-க்குள்ளும் மற்ற சத்துகள் பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள்ளும் ஒத்து வந்தால் அங்கேயே தொடருங்கள். வரவில்லையென்றால் சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிடுங்கள்.

மணக்குடியிலிருந்து: கழிமுகத்துக் கறுப்புச் சேற்றைத் தென்னைக்குப் போடலாமா? அந்தக் காலத்தில் போட்டார்களே.

போட்டார்கள், மழை அலசிய பிறகு. முதல் தடை உப்பு. ஒரு பங்கு சேற்றை ஐந்து பங்கு மழைநீரில் கலக்கி, தெளியவிட்டு, மின்கடத்துதிறன் பாருங்கள். அதிகமாக இருந்தால் ஒரு பருவமழை முழுக்க மேட்டில் கொட்டி நனையவிட வேண்டும்.

இரண்டாவது தடை கண்ணுக்குத் தெரியாது. முட்டை நாற்றம் அடிக்கும் கறுப்புச் சேற்றில் இரும்பு சல்ஃபைடு இருக்கலாம். தண்ணீருக்குள் இருக்கும்வரை சாது. காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறும். இங்கேதான் சாதாரண மண் பரிசோதனை ஏமாற்றுகிறது. ஈரமாக எடுத்தால் பி.எச். 7 காட்டும், போட்டுவைத்த மூன்றாம் மாதம் 4-க்குக் கீழே இறங்கி வேர் கருகும். சேற்றை ஒரு செ.மீ. தடிமனில் தட்டில் பரப்பி, ஈரம் காயாமல் தண்ணீர் தெளித்து எட்டு வாரம் வைத்து, வாரம் ஒருமுறை பி.எச். பாருங்கள். 4-க்குக் கீழே போனால் அந்தச் சேறு வேண்டாம். வரைபடத்துக்காக எடுப்பவர்கள் காற்றுப் புகாத பையில் அழுத்திக் கட்டி ஐஸ் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். நிழலில் உலர்த்தினால் நாமே அமிலத்தைத் தயாரித்து அளந்தவர்களாவோம்.

உப்புச் சேற்றின் கரிமச்சத்து அறிக்கையையும் அப்படியே நம்பாதீர்கள். டைக்குரோமேட் முறையில் குளோரைடும் கரிமம்போலக் கணக்கில் ஏறிவிடும். மட்கு இல்லாத சேறு கொழுத்த மண்ணாகத் தோன்றும். சில்வர் சல்ஃபேட் சேர்த்தார்களா என்று கேளுங்கள்.

கொல்லங்கோட்டிலிருந்து: துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை மண்மேல் வைத்தால் ஒரு நிமிடத்தில் எல்லாத் தனிமமும் தெரியுமாமே?

எல்லாம் தெரியாது. கைக்கருவி எக்ஸ்ரேயில் நைட்ரஜன், போரான், சோடியம் கிடைக்காது. மக்னீசியம் சந்தேகம். ஈய மண்ணில் ஆர்சனிக்கைத் தனியே பிரிக்கத் தடுமாறும், இரண்டின் எக்ஸ்ரே கோடும் ஒரே இடத்தில் விழுகின்றன. ஈரம் இருபது சதவீதத்தைத் தாண்டினால் எண்கள் கீழே இறங்கும், நம் ஊரில் வருஷத்தில் பாதி நாள் அப்படித்தான். உலர்த்தி, அரைத்து, சிறு கிண்ணத்தில் அடைத்து வைத்துப் பார்த்தால் டைட்டானியம், இரும்பு, ஸிர்கோனியம், துத்தநாகம், ஈயத்துக்கு நல்ல வேலைக்காரன். எங்கே விரிவாகத் தோண்டலாம் என்று பார்க்க உதவும்.

பளுகலிலிருந்து: மண்வள அட்டை வாங்கியிருக்கிறேன். அதில் ஈயமும் காட்மியமும் ஏன் இல்லை?

2015-இல் தொடங்கிய அந்தத் திட்டம் பயிருக்கான 12 அளவுகளை மட்டும் பார்க்கிறது: பி.எச்., மின்கடத்துதிறன், கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒன்று, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்று மாதிரி எடுக்கத் திட்டம் வகுத்தார்கள். உங்கள் ஐம்பது சென்ட் விளையின் மண் அதில் இருந்திருக்கவே வேண்டிய அவசியமில்லை. நச்சு உலோகம் பார்க்கத் தனியாகக் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். ராக் பாஸ்பேட் பல வருஷம் இட்ட தோட்டம் என்றால் காட்மியத்தைச் சேர்த்துக் கேளுங்கள்.

அருமனையிலிருந்து ஆசிரியர் ஒருவர்: ஒரு மண் வரைபடத்தில் எங்கள் ஊரின்மேல் ஒரு சிவப்பு வட்டம். சுற்றிலும் மஞ்சள், பச்சை வளையம். ஊரே கெட்டுவிட்டதா?

அந்த வளையங்கள் ஊரில் இல்லை, கணினியில் இருக்கின்றன. நடுவில் ஒரே ஒரு மாதிரி உயர்ந்து வந்திருக்கும். புள்ளிகளுக்கிடையே உள்ள வெற்றிடத்தைத் தூரத்துக்கேற்ப நிரப்பச் சொன்னால் மென்பொருள் இப்படித்தான் மாட்டுக்கண் வரையும். முதலில் புள்ளிகளை மட்டும் வைத்த படத்தைக் கேளுங்கள். அந்தப் புள்ளி பழைய பேட்டரிக் கடைக்குப் பின்னால் இருக்கிறதா, வெறும் விளையில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். மறுமாதிரி ஒன்று எடுங்கள்.

எது "அதிகம்" என்று கோடு கிழிப்பதிலும் தகராறு உண்டு. பயிற்சிக்காக ஒன்பது ஊர்களின் ஈய அளவு 14, 15, 17, 18, 19, 21, 22, 90, 140 என்று வைத்துக்கொள்வோம். சராசரியோடு இரண்டு மடங்கு திட்டவிலக்கத்தைக் கூட்டினால் எல்லை சுமார் 129. தொண்ணூறு நல்ல பிள்ளையாகத் தப்பித்துவிடும், ஏனென்றால் அந்த இரண்டு பெரிய எண்களும் சேர்ந்து எல்லையைத் தாங்களே மேலே தூக்கிவிட்டன. நடு எண்ணான 19-ஐ எடுத்து, ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் நடு எண்ணை (அது 3) எடுத்து, 1.48-ஆல் பெருக்கி இருமடங்காக்கிக் கூட்டினால் எல்லை 28. இப்போது இரண்டுமே பிடிபடும். மாணவர்களை வைத்துக் கரும்பலகையிலேயே செய்யலாம்.

கடற்கரை ஊர்களை மலையோர ஊர்களோடு ஒரே நிறக்கட்டில் ஒப்பிடுவதும் சரியில்லை. மண்ணில் வெள்ளை மணல் கூடினால் மற்ற எல்லாத் தனிமமும் குறைந்ததாகத் தெரியும், மொத்தம் நூறைத் தாண்ட முடியாதே. பாலில் தண்ணீர் ஊற்றியவர் கொழுப்பு குறைந்துவிட்டது என்று மாட்டைக் குற்றம் சொல்வதுபோல. அதனால் துத்தநாகத்தை நேராக வரையாமல், துத்தநாகத்துக்கும் அலுமினியத்துக்கும் உள்ள விகிதத்தை மடக்கையில் வரைந்து பாருங்கள். புள்ளியியலர் ஜான் எய்ட்சிசன் 1980-களில் இதற்கு முறையான வழியை வகுத்தார்.

தக்கலையிலிருந்து: மண் எடுக்க நல்ல மாதம் எது?

நமக்கு இரண்டு மழை. இரண்டுக்கும் இடைப்பட்ட பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, கோடை உரம் போடுவதற்கு முன் எடுங்கள். எல்லா இடத்தையும் ஒரே பருவத்தில் முடியுங்கள்.

அதே வாசகர்: பரிசோதித்து மீந்த மண்ணை வீசிவிடலாமா?

வேண்டாம். உலர்ந்த மண்ணில் இருநூறு கிராமைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, மூடியை இறுக்கி, உள்ளே பென்சில் சீட்டும் வெளியே எண்ணும் போட்டு, ஈரம் ஏறாத பரணில் வையுங்கள். மூடி உலோகமாக இருந்தால் உட்புறம் ஒரு பாலித்தீன் துண்டு வையுங்கள், கடல்காற்றில் துரு உதிர்ந்து மண்ணில் விழும்.